காசிம் முதலாளியின் செம்புப் பாறை

கண்டிக்குப் போகிறேன் என்று சொன்னதும் சென்னையில் என்னைத் தெரிந்தவர்கள் தலதா மாளிகையைப் பார், ஏரியைப் பார், பேராதனைத் தோட்டத்தைப் பார் என்று ஆளுக்கொன்று சொல்லி அனுப்பினார்கள். மூன்றையும் நான் பார்க்கவில்லை. கண்டிக்குக் கிழக்கே ஒரு கொக்கோத் தோட்டத்தில் ஒரு பாறையைப் பார்த்தேன். மாளிகையையும் ஏரியையும் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டதால், நான் பாறையைப் பற்றி எழுதுகிறேன்.

அப்போது நான் ஒரு சுரங்கக் கம்பெனியில் தற்காலிகக் கல் பரிசோதகன். கம்பெனிக்கு இலங்கையிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. கட்டுகஸ்தோட்டை வியாபாரி காசிம் முதலாளி என்பவர் தம் தோட்டத்துப் பாறையிலிருந்து சுரண்டி அனுப்பிய பச்சைத் தூள். எங்கள் ரசாயனக்காரர் அதைச் சோதித்துவிட்டு, இவ்வளவு செம்பு உள்ள கல்லைத் தம் உத்தியோக காலத்தில் கண்டதில்லை என்றார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "போய்ப் பார். சுரங்கம் திறக்கிற மாதிரி இருந்தால் அங்கேயே உன்னை நிரந்தரமாக்கிவிடலாம்" என்றார். இல்லாவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை. அந்த வருஷம் கம்பெனி ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்ததால் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. என் மனைவி மட்டும் புறப்படும்போது, "செம்போடு வாருங்கள்" என்றாள்.

கட்டுகஸ்தோட்டையில் மகாவலிப் பாலத்துக்குப் பக்கத்தில் காசிம் முதலாளியின் கடை. மிளகு, கராம்பு, கொக்கோ, ஆணி, கயிறு, மண்ணெண்ணெய் எல்லாம் ஒரே கூரையின் கீழ் ஒன்றின் வாசனையை ஒன்று வாங்கிக்கொண்டு இருந்தன. கடைக்குப் பின்னால் வீடு. முதலாளிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். தொப்பி, மீசை இல்லாத கட்டைத் தாடி, யாரையும் இரண்டு தடவை எடை போடுகிற கண்.

"வாங்க தம்பி, வாங்க. கதிரையில இருங்க. முதல்ல சாப்பாடு, பொறகு செம்பு" என்றார்.

நான் சைவம் என்று சொன்னேன். அந்த வீட்டில் ஒரு மரணச் செய்தி வந்ததுபோல் ஆகிவிட்டது. உள்ளே கோழி ஆணம் கொதிக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. முதலாளியின் மனைவி கதவுக்கு அப்பால் நின்று, "கோழியும் தின்னாட்டி அந்தப் புள்ள என்னத்தத் திங்கும்?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. கடைசியில் இடியப்பமும் தேங்காய்ச் சம்பலும் வந்தன. சம்பல் பிரமாதமாக இருந்தது. என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"ஒண்டுமில்ல, தேங்காய், கொச்சிக்காய், தேசிக்காய், கொஞ்சம் மாசி."

கொச்சிக்காய் மிளகாய் என்றும் தேசிக்காய் எலுமிச்சை என்றும் நாக்கே சொல்லிவிட்டது. "மாசி என்றால்?"

"மாலைதீவால வாற சாமான் தம்பி. கட்டை மாதிரி ஈக்கும்."

அது காய்ந்த மீன் என்று எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. இலங்கையில் மாசியை யாரும் மீன் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்குள் நான் நிறையச் சாப்பிட்டிருந்தேன். தெரிந்த பிறகும் சாப்பிட்டேன். சென்னையில் இருந்தால் இதை எழுதத் துணிந்திருக்க மாட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு முதலாளி அலுமாரியைத் திறந்தார். வட்டிலப்பம் என்ற இனிப்பு இருந்த தட்டுக்குப் பக்கத்தில், வெல்வெட் துணியில் சுற்றி, பச்சை படிந்த கல் சில்லுகள். நல்ல பச்சை, கொஞ்சம் நீலம் கலந்த பச்சை. கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புத்தகத்தில் படித்த பச்சைச் செம்புக் கல்லை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததே இல்லை.

முதலாளி திட்டத்தைச் சொன்னார். தோட்டத்தை ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து வாங்கினார். வாங்கிய நேரம் கொக்கோ விலை விழுந்தது. காய்கள் கறுத்து மரத்திலேயே அழுகின. போதாக்குறைக்குத் தேயிலையும் விழுந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் அல்லாஹ் இந்தப் பாறையைக் காட்டினான். பாறைக்கு முன்னால் இருக்கிற கொக்கோ மரங்களை வெட்டி, அடிவாரத்தில் இருக்கிற லயத்தை இடித்தால் சுரங்க வாய்க்கு இடம் வந்துவிடும்.

"வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பொறகு ஓதி வேலையத் தொடங்குறது எண்டு ஈக்கிறேன். நீங்க பாத்து ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னாப் போதும்" என்றார்.

லயம் என்றால் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடு. அதில் யார் இருக்கிறார்கள் என்று அன்று நான் கேட்கவில்லை.

மறுநாள் தெல்தெனிய பஸ் ஏறினேன். பஸ் என்பது லாரியின் முதுகில் பலகை அடித்து, அதற்கு மேல் மனிதர்களை அடுக்கியது. எனக்கு ஒரு பக்கத்தில் ஒரு பிக்கு, மறு பக்கத்தில் ஒரு பலாப்பழம். ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கியது, நின்றது, பின்னால் நகரத் தொடங்கியது. சக்கரத்துக்குக் கல் போடு, கல் போடு என்று டிரைவர் சிங்களத்தில் கத்தினார். கல்லைத் தேடிக் கடல் தாண்டி வந்தவன் கண்ணுக்கு அந்த இடத்தில் ஒரு கல்கூட அகப்படவில்லை. கண்டக்டர் என் பையிலிருந்து கல் உடைக்கும் சுத்தியலை உருவிச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார். வண்டி நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். எஞ்சின் பிடித்துக்கொண்டதும் டிரைவர் நிறுத்தப் பயந்து ஓட்டிக்கொண்டே போனார். நாங்கள் ஓடி ஓடித் தொற்றிக்கொண்டோம். பிக்கு எனக்கு முன்னால் தொற்றிவிட்டார். சுத்தியல் நடுரோட்டிலேயே கிடந்தது.

ஆகவே, ஒரு நாட்டின் கனிவளத்தைச் சோதிக்க வந்த நான் வெறுங்கையோடு தோட்டத்தில் இறங்கினேன்.

தோட்டத்துக்குக் கங்காணி மாதிரி இருந்தவர் மரியதாஸ். வேதக்காரர். தெல்தோட்டைத் தேயிலைக் காட்டில் பிறந்து, துரை போன பிறகு இங்கே வந்தவர். கழுத்தில் மாதா சுரூபம், தலையில் கம்பளித் துண்டு. "வாங்க சார். மொதலாளி சொல்லி அனுப்பிச்சாருங்க. செம்பு பாக்குற சார் நீங்கதானுங்களா?" என்று வணங்கினார். அவர் முகத்தில் என்னைக் கண்ட சந்தோஷம் இல்லை. ஜப்தி செய்ய வருகிறவனுக்குக் கொடுக்கிற மரியாதை இருந்தது.

கொக்கோ மரங்களுக்குள் நடந்தோம். எங்கள் ஊர் மாமரத்தைப்போல் கிளையில் காய்க்காமல் கொக்கோ அடிமரத்திலேயே காய்க்கிறது; மரத்துக்குக் கட்டி புறப்பட்டது மாதிரி இருக்கும். பாதிக் காய்கள் கறுத்திருந்தன. மரங்கள் முடிந்த இடத்தில் பாறை எழுந்தது.

கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் தீராது. அந்தப் பக்கத்து மலைகளுக்கு நடுவே சுண்ணாம்புக் கல் பட்டை பட்டையாக ஓடுகிறது. வெகு காலம் பூமிக்கு அடியில் வெந்து சலவைக்கல்லாகி, உடைத்தால் கற்கண்டுபோல் மினுங்கும். ஊரார் அதைச் சூளையில் சுட்டுச் சுவருக்கு அடிக்கிறார்கள். எங்கேயாவது ஓரிடத்தில் கீழிருந்து உருகிய கருங்கல் குழம்பு ஏறி வந்து இந்தச் சுண்ணாம்பைத் தொட்டிருந்தால், தொட்ட ஓரத்தில் இரண்டுமில்லாத மூன்றாவது கல் ஒன்று பிறக்கிறது. கொழுக்கட்டையில் வெல்லப் பூரணம் இளகி மாவுக்குள் ஊறி, நடுவில் பழுப்பாக ஒரு ஓரம் கட்டுமே, அதைப்போல. அந்த ஓரத்தில் சிவப்புக் கோமேதகம், பாட்டில் உடைந்ததுபோல் பச்சைக் கல், காந்தம் ஒட்டுகிற இரும்புக் கல் எல்லாம் கூடிக் கிடக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் செம்பும் கிடக்கும். சுவீடன் தேசத்துச் சுரங்கக்காரர்கள் இதற்கு ஸ்கார்ன் என்று பேர் வைத்தார்கள். அவர்கள் பாஷையில் அதற்குக் குப்பை என்று அர்த்தமாம். உலகத்தில் பல இடங்களில் அந்தக் குப்பையிலிருந்துதான் செம்பு எடுக்கிறார்கள்.

காசிம் முதலாளியின் பாறையில் அத்தனையும் இருந்தது. அடியில் கருங்கல் நாளம், அதைத் தொட்ட சலவைக்கல், நடுவில் கோமேதகம், பச்சைக் கல், இரும்புக் கல். என் காந்தம் பாறையில் போய் ஒட்டிக்கொண்டது. எல்லாவற்றுக்கும் மேலே, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு, பச்சை வழிந்து இறங்கியிருந்தது. அந்தப் பச்சையின் கீழே ஒரு புல், ஒரு பாசிகூட இல்லை. மழையில் மைல்கல்லுக்கும் பாசி பிடிக்கிற ஊரில் அந்த இடம் மட்டும் மொட்டையாக இருந்தது. செம்புள்ள மண்ணில் பாசி பிடிக்காது என்று புத்தகம் சொல்கிறது. நான் அங்கேயே நின்று, நிரந்தர உத்தியோகஸ்தனாக இருப்பது எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு முன்னாலும் இதே பாறையில் ஆட்கள் ஏமாந்திருந்தார்கள். யுத்த காலத்தில் காக்காப்பொன் என்கிற மைக்கா தோண்டுகிறவர்கள் வந்து பக்கத்தில் குழி பறித்துவிட்டுப் போனார்கள். பிறகு பழைய துரை கோமேதகத்தைக் கண்டு ரத்தினம் என்று நம்பி ஒரு மாதம் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தாராம். "அதுக்கப்புறம் மேசையத் தொடைக்கிறப்ப வெளிய வீசிட்டாங்களாம் சார்" என்றார் மரியதாஸ்.

பகல் வெயிலுக்கு லயத்தில் உட்கார்ந்தேன். நான்கு அறை, நான்கு குடும்பம். மரியதாஸின் மனைவி பெயர் செபமாலை. அவர் ரொட்டியும், கித்துள் பனைக் கருப்பட்டிக் கட்டியோடு கறுப்புத் தேத்தண்ணியும் தந்தார். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்க வேண்டும், கலக்கக் கூடாது. நான் கலந்தேன், அந்த வீட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். மூலையில் தண்ணீர்ப் பானை, இரண்டு குமிழ் ஆணி அடித்த ஓர் இரும்பு வளையத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. வளையம் அங்கங்கே செக்கச் சிவந்து மின்னியது. சுரண்டிப் பார்த்தேன். இரும்பின்மேல் செம்பு படிந்திருந்தது.

"இது எங்கே கிடைத்தது?"

"அந்தப் பாறைக்கு அடியில சருகுக்குள்ள கெடந்துச்சுங்க. பானைக்குத் தோதா இருந்துச்சு, எடுத்தாந்தேன்" என்றார் செபமாலை. "மொதலாளி இதப் பாத்துட்டுத்தானுங்க இந்த மலைத் தண்ணி இரும்பையே செம்பாக்குதுன்னு சொன்னாரு."

செம்பு கரைந்த தண்ணீரில் இரும்பு கிடந்தால் அதன்மேல் செம்பு படியும். அதுவும் புத்தகத்தில் இருக்கிறது. எல்லாமே புத்தகத்தில் இருந்தது.

நான் எழுந்தபோது செபமாலை ஒன்று கேட்டார். "சார், நீங்க வாற வழியில திருச்சி இருக்குங்களா?"

"இருக்கிறது. ஏன்?"

"லயத்த இடிச்சா எங்கள யாரு வச்சுக்குவாங்க? தேயிலைத் தோட்டத்துல இருக்கிறவங்களையே துண்டுச் சீட்டுக் குடுத்து இந்தியாவுக்கு அனுப்புறாங்க. எங்க வீட்டுக்காரரு தாத்தா திருச்சிப் பக்கமாம். ஊருப் பேரு எங்க யாருக்கும் தெரியாது. கப்பல விட்டு எறங்கி யார்கிட்ட என்னன்னு கேக்கிறது சார்?"

திருச்சி பெரிய ஊர் என்று சொன்னேன். சொன்ன பிறகு அது எவ்வளவு முட்டாள்தனமான பதில் என்று தெரிந்தது.

அடுத்த நாள் சுத்தியல் கிடைத்தது. ரோட்டோரக் கடைக்காரர் ஒருவர் எடுத்து வைத்துத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். சிங்களத்தில் அவர் சொன்னதை மரியதாஸ் மொழிபெயர்த்தார்: "ஒரு பக்கம் கோடாலி மாதிரி இருக்கு, ஆனா வெட்ட மாட்டேங்குது. செஞ்ச கொல்லன் பாதியில எழுந்து போயிட்டான் போல." தேங்காய்க்கு மிக நல்லது என்று சான்றிதழ் கொடுத்துத்தான் திருப்பித் தந்தார்.

சூளையில் வேலை செய்யும் சிங்களவர்கள் இரண்டு பேரை மரியதாஸ் அழைத்து வந்தார். அவர்கள் பாறையின் பச்சை முகத்தில் விறகு அடுக்கித் தீ மூட்டி, சூடேறியதும் தண்ணீரை வீசினார்கள். பாறை சடசடவென்று பிளந்தது. எட்டிப் பார்த்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று சலவைக்கல். பச்சை ஒரு நகக் கனம். வெடிப்புகளில் மட்டும் ஒரு சாண் உள்ளே போயிருந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. கீழே கோமேதகக் கல்லையும் உடைத்தோம். அதில் மஞ்சளாக மின்னுகிற செம்புக் கல் இருக்கவேண்டும். அதையும் காணோம்.

"தோலுதான் பச்சை, மாங்காய் மாதிரி" என்று சூளைக்காரர்களில் ஒருவர் மற்றவரிடம் சொன்னாராம்.

நான் கவலைப்படவில்லை. மேலே இருக்கிற செம்பை மழை கரைத்துக் கீழே கொண்டு போய்ச் சேர்த்திருக்கும், ஆழத்தில் தோண்டினால் அகப்படும் என்று புத்தகம் சொல்கிறது. சுரங்கப் புத்தகங்களின் நல்ல குணம் அது. கிடைத்தால் தோண்டு என்கின்றன. கிடைக்காவிட்டால் இன்னும் ஆழமாகத் தோண்டு என்கின்றன. அறிக்கையை அப்படியே எழுதலாம். பொய்யும் இல்லை. உத்தியோகமும் நிற்கும்.

வியாழக்கிழமை மழை. கட்டுகஸ்தோட்டையிலேயே அடைந்து கிடந்தேன். பெருநாள் வருகிறது என்று கடைக்கு வெள்ளையடிக்கிற வேலை நடந்தது. வெளிச் சுவரில் மழை விட்ட நேரத்தில் அடித்தார்கள், பிடித்த நேரத்தில் உள்ளே வந்து தேத்தண்ணி குடித்தார்கள். வெள்ளையடிக்கிறவர் முற்றத்தில் சுண்ணாம்பைக் கரைத்து வைத்துவிட்டு, "மொதலாளி, துத்தம்" என்று குரல் கொடுத்தார். முதலாளி கடைக்குள் ஒரு பீப்பாயைத் திறந்து, நீலக் கண்ணாடிச் சில்லுப் போன்ற மயில்துத்தத்தை அள்ளிக் கொடுத்தார்.

"சுண்ணாம்பில் இதை எதற்குப் போடுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"பாசி பிடிக்காது தம்பி. இந்த ஊரு மழைக்கு வெறுஞ் சுண்ணாம்பு அடிச்சா மூணு மாசத்தில சுவரு கறுத்துப் போகும். துத்தம் போட்டா அப்பிடியே நிக்கும்."

கலக்கும்போது கொஞ்சம் வாசற்படியில் சிந்தியது. போன பெருநாளைக்குச் சிந்தியதும், அதற்கு முந்தினதும் அங்கேயே காய்ந்து கிடந்தன. படி சலவைக்கல். நான் குனிந்து பார்த்தேன். நீலம் கலந்த பச்சை. அதைச் சுற்றிப் பாசி இல்லை. வெல்வெட் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்திருந்த அதே பச்சை.

"முதலாளி, இந்தத் துத்தத்தை வேறு யார் வாங்குகிறார்கள்?"

"இப்ப யாரும் பெருசா இல்ல. முந்தி அந்தத் தோட்டத்துத் தொரை எடுப்பார். பீப்பாய் பீப்பாயா எடுப்பார். கொக்கோக் காய் கறுக்காம ஈக்கச் சுண்ணாம்போட கலந்து அடிக்கிற மருந்து. நான் தோட்டத்த வாங்கின பொறகு அந்தச் செலவ நிப்பாட்டிட்டேன்."

அவர் சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளருக்குப் பெருங்காயம் நிறுக்கப் போய்விட்டார். பீப்பாயைப் பார்த்தேன். அதைச் சுற்றி இரும்பு வளையங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு குமிழ் ஆணி. பின்கட்டில் உடைந்த பீப்பாய்கள் கிடந்தன. ஒரு வளையத்தைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். பிறகு மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது என்று சொன்னால் மிகையாகும்; ஆனால் அன்றைக்குச் சம்பல் இறங்கவில்லை.

யாருக்கும் தெரியப் போவதில்லை. துரை சீமைக்குப் போய்விட்டார். மருந்தடித்த ஆட்கள் கலைந்துவிட்டார்கள். மரியதாஸ் தேயிலைக்காரர், கொக்கோ மருந்தை அவர் கண்டதே இல்லை. புத்தகம் என் பக்கம் இருந்தது. சுரங்கம் தோண்டிப் பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிய ஒரு வருஷமாவது ஆகும். அந்த ஒரு வருஷமும் நான் நிரந்தரம். முதலாளி எனக்கு வேண்டாத மனிதராக இருந்திருந்தால் யோசனையே வேண்டியிருந்திருக்காது. என் சங்கடமெல்லாம் காசிம் முதலாளி எனக்காகக் கோழி இல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்ததுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் தோட்டத்துக்குப் போனேன். இந்தத் தடவை சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டேன். பாறையின் பின்புறமாக ஏறி உச்சிக்குப் போனால் அங்கே ஓர் ஊற்றும், அதன் பக்கத்தில் மேடைபோல் தட்டையான இடமும் இருந்தன. மருந்து கலக்க அதைவிட நல்ல இடம் தோட்டத்திலேயே கிடையாது. சருகைக் கையால் தள்ளினேன். கல்லில் பீப்பாய் நின்ற துருவட்டங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு வட்டத்தின் ஓரத்திலிருந்தும் பச்சை புறப்பட்டு விளிம்புக்குப் போய், கீழே வழிந்திருந்தது.

இறங்கி லயத்துக்கு வந்தேன். செபமாலை சாமான்களை மூட்டை கட்டியிருந்தார். நான்கு குடும்பத்துச் சாமான்களும் வாசலில் இருந்தன. அதிகமில்லை. பானை மட்டும் இன்னும் வளையத்தின்மேல் இருந்தது. தண்ணீர் கடைசிவரை வேண்டுமே.

ஜும்ஆ முடிந்து முதலாளி வாடகைக் காரில் வந்தார். பின்னால் கோடாலிக்காரர்கள், ஓத ஒரு லெப்பை, ஒரு தட்டில் வட்டிலப்பம். நான் அவரைப் பாறைக்கு மேலே அழைத்துப் போய் வட்டங்களைக் காட்டினேன். அவருக்கு மூச்சு வாங்கியது.

"என்ன தம்பி இது?"

செபமாலையிடம் கேட்டு வாங்கி வந்த பானை வளையத்தையும், கடையிலிருந்து கொண்டுவந்த வளையத்தையும் அவர் கையில் கொடுத்தேன். ஒன்று சிவப்பு, ஒன்று துரு. மற்றபடி அகலம், கனம், இரண்டு குமிழ் ஆணி, எல்லாம் ஒன்று.

அவர் வியாபாரி. இரண்டையும் ஒரு தடவைதான் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்கட பீப்பாய்ட வளையம்" என்றார்.

"ஆமாம். மயில்துத்தம் என்பது செம்பில் செய்கிற சாமான், முதலாளி. துரை இங்கே வைத்துத்தான் மருந்து கலக்கியிருக்கிறார். வருஷக் கணக்கில் சிந்தியிருக்கிறார். சுண்ணாம்புக் கல்லில் பட்டுப் பச்சையாகப் பிடித்துக்கொண்டது. உள்ளே ஒன்றுமில்லை."

அவர் விளிம்பில் உட்கார்ந்தார். கீழே கோடாலிக்காரர்கள் வட்டிலப்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். லெப்பை நேரமாகிறது என்று இருமினார்.

"அப்ப, இந்த மலையில ஈக்குறது என்ட கடைச் சாமானா?"

"ஆமாம்."

"நான் வித்ததையே நான் சுரண்டி, மெட்ராசுக்கு அனுப்பி, பாக்க ஆளும் கூப்பிட்டிருக்கேன்."

நான் தலையை ஆட்டினேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கறுத்த கொக்கோக் காய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மனுசன் இவ்வளவு சிந்தியும் அவருட காய் கறுக்கல்ல. நான் ஒரு துளி சிந்தாம மிச்சம் புடிச்சேன். என்ட காய் எல்லாம் கறுத்துப் போச்சு" என்றார். என் பக்கம் திரும்பி, "நீங்க தோண்டச் சொல்லியிருந்தா நான் தோண்டியிருப்பேன் தம்பி" என்றார்.

"தெரியும்."

"உங்கட வேல?"

வளையங்களை அவரிடமிருந்து வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் எழுந்து, துணியைத் தட்டிக்கொண்டு, விளிம்பில் நின்று கீழே கூப்பிட்டார்.

"மரியதாஸ்! கோடாலி வேணாம், அவங்கள அனுப்பு. நாளைக்குக் கடையில ஈக்கிற துத்தம் அவ்வளவையும் அனுப்புறன். மரத்துக்கெல்லாம் அடி. அதோட இந்தப் பாறையையும் சுரண்டு. ஒரு பொட்டு விடாமச் சுரண்டிக் கரைச்சு அடி. அது என்ட சாமான்."

பாறையில் பிடித்த பச்சை தண்ணீரில் கரையாது என்று சொன்னேன்.

"இவ்வளவு காலம் பாறையில ஒட்டிக்கொண்டு ஈந்தது, மரத்தில ஒட்டாதா?" என்றார். ரசாயனத்தில் அதற்குப் பதில் இருக்கிறது. ஆனால் எனக்கு அந்த நேரத்தில் வாதாட மனமில்லை.

ஓத வந்த லெப்பை மரங்களுக்காக ஓதினார். வட்டிலப்பத்தை லயத்துப் பிள்ளைகள் முடித்தார்கள். நான் புறப்படுகிற வரையில் மரியதாஸ் பாறையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அந்தப் பாறையிலிருந்து செம்பு எடுத்த ஒரே சுரங்கக்காரர் அவர்தான் என்று நினைக்கிறேன்.

லயத்து வாசலில் மூட்டைகள் அவிழ்ந்து கிடந்தன. செபமாலை பானையை இறக்கித் தரையில் ஒரு குழி பறித்து அதில் நிறுத்தியிருந்தார். நான் திருப்பிக் கொடுத்த சிவப்பு வளையத்தைக் கழுவி என் கையிலேயே வைத்தார்.

"கொண்டு போங்க சார். வெறுங்கையோட போகாதீங்க. எங்களுக்கு இந்தக் குழியே போதும், இங்கதானே இருக்கப் போறோம்" என்றார்.

சொல்லிக்கொண்டே பானையைச் சுற்றி மண்ணைக் காலால் அழுத்தினார். வளையத்தை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

சென்னையில் மேனேஜர் என் அறிக்கையைப் படித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஆழமாகப் பார்த்திருக்கலாமே என்றார். அந்த மாதக் கடைசியில் நான் தற்காலிகமாகவும் இல்லாமல் போனேன். இப்போது சென்னையை விட்டு, வெளியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுக்கிறேன். பெருநாளைக்குப் பெருநாள் கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு பொட்டலம் வருகிறது. சென்ற தடவை நல்ல கொக்கோ விதைகளும், ஓர் ஓலைப் பெட்டி நிறைய மாசியும் இருந்தன. மாசியை என் மனைவி ஏதோ மலைக் கட்டை என்று நினைத்துச் சம்பலில் இடிக்கிறாள். நான் திருத்தவில்லை.

வளையம் எங்கள் சமையலறையில் தண்ணீர்ப் பானைக்கு அடியில் இருக்கிறது. சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போய் இரும்பு தெரிகிறது. வருகிறவர்கள் கேட்டால், "கண்டிக்குப் போய் இவர் எடுத்து வந்த செம்பு" என்று என் மனைவி சொல்வாள். முன்பெல்லாம் சொல்லிவிட்டுச் சிரிப்பாள். செபமாலையைப் பற்றி நான் சொன்ன நாளிலிருந்து சிரிப்பதில்லை. மாதத்துக்கு ஒரு தடவை அதைப் புளி போட்டுத் தேய்த்து வைக்கிறாள்.